நிறுத்தி வைக்கும் கிழங்கு

டைமரை 25 நிமிடத்துக்கு வைத்துவிட்டால் அது அடிக்கும்வரை நான் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பதில்லை. ஃபோன் வந்தாலும் எடுக்கமாட்டேன். கூட வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிவிட்டது. அவள் குழாயில் கோல்செமிட் போட்டிருக்கிறாள், இப்போது எதுவும் கேட்காதே என்று புதிதாக வருபவர்களிடம் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் குரோமோசோம் ஆய்வுக்கூடத்தில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். ரத்தம் வரும், எலும்பு மஜ்ஜை வரும், கர்ப்பிணிகளின் பனிக்குட நீர் வரும். அதிலுள்ள உயிரணுக்களை வளர்த்து, அவை இரண்டாகப் பிரியும் நேரத்தில் பிடித்து நிறுத்தி, குரோமோசோம்களை எண்ணி வரிசைப்படுத்திப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. அந்தப் பிடித்து நிறுத்துகிற காரியத்தைச் செய்வது, குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில் கட்டைவிரல் உயரத்துக்கு இருக்கும் ஒரு குப்பி. அதில் இருப்பதுதான் கோல்செமிட். கோல்சிசின் என்ற தாவரப் பொருளில் ஒரே ஒரு மூலையை மாற்றினால் கிடைக்கும் உருவம், நச்சுத்தன்மை கொஞ்சம் குறைந்தது.

கோல்சிசின் என்றால் உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கண்வலிக்கிழங்கு என்றால் எங்கள் ஊர்ப்பக்கம் தெரியாத ஆள் கிடையாது. நான் மூலனூர்ப் பக்கத்துப் பெண். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் என்று அந்த வறண்ட செம்மண் காடுகளில் பந்தல் கம்பி கட்டி, ஆடியை ஒட்டிக் கிழங்கு ஊன்றி, பூவெடுத்து, காயாக்கி, தை மாசி வரைக்கும் விதை எடுப்பார்கள். கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். பூவுக்குப் பெயர் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தோழிக்கு அது கார்த்திகைப் பூ.

அந்தப் பூவைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஆறு இதழும் கீழே தொங்காமல் பின்னுக்கு மடங்கி, தீ நாக்கு மாதிரி மேல்நோக்கி நிற்கும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். பிறகு விளிம்பிலிருந்து சிவப்பு இறங்கும். நாலைந்து நாளில் முழுச் சிவப்பு. அடியில் ஆறு மகரந்தத் தண்டுகள் சுற்றிலும் விரிந்திருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கி, எனக்கும் உங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதுபோல் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. ஆள்தான் செய்யவேண்டும். காலையில் வெயில் ஏறுவதற்குள் பெண்கள் பந்தலுக்குள் நுழைந்து, ஒரு பூவின் மகரந்தத்தைக் கிள்ளி இன்னொரு பூவின் சூல்முடியில் தொட்டுவைப்பார்கள். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு தொடல். பத்துப் பதினோரு மணிக்கு வெளியே வரும்போது விரல் நுனியெல்லாம் மஞ்சளாக இருக்கும்.

என் அம்மாயி அந்தக் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் சோற்றுப் பானைப் பக்கமே போகமாட்டார். எங்களையும் விடமாட்டார். "கெழங்கத் தொட்ட கைய வாயில வெச்சீன்னா அப்பறம் ஆசுபத்திரிக்குத் தூக்கீட்டுத்தான் ஓடோணும் கண்ணு" என்பார். எங்கள் வெள்ளாடு ஒன்று வேலி தாண்டிப் போய்த் தின்றுவிட்டு, இரண்டு நாள் கழிந்து கழிந்து செத்தது. அப்போது எனக்கு ஏழு வயது. அந்தச் செடியை நினைத்தால் பூவுக்கு முன்னால் அந்த ஆடுதான் இன்றைக்கும் ஞாபகம் வருகிறது.

படிப்பு முடித்து, சென்னையில் கொஞ்ச நாள் இருந்து, சிங்கப்பூர் வந்து, முதல் வாரம் செய்முறைக் குறிப்பைப் படிக்கும்போது 'கோல்செமிட்' என்ற சொல்லுக்கு நேரே அது எதிலிருந்து வந்தது என்று எங்கேயும் இல்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். கோல்சிசினுக்கு இரண்டு பெரிய ஊற்றுகள். ஒன்று ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கோல்சிகம். மற்றது எங்கள் காட்டுக் கண்வலி. அன்றிரவு வெகுநேரம் தூங்கவில்லை.

ரத்தத்தில் குரோமோசோம் பார்ப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதில் இன்னொரு செடியும் இருக்கிறது.

ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் சாதாரணமாகப் பிரிவதில்லை. பிரியாத அணுவில் குரோமோசோம் நூல்சிக்கல் மாதிரி கலைந்து கிடக்கும், எண்ண முடியாது. அதனால் முதலில் அவற்றைக் கிளப்பிவிடவேண்டும். அதற்குப் போடுவது ஃபைட்டோஹீமக்ளூட்டினின். பெயர்தான் நீளம், எடுப்பது சிவப்புக் காராமணி மாதிரி இருக்கும் ராஜ்மா பயறிலிருந்து. அந்தப் பயறைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் வயிற்றைப் புரட்டுமே, அந்தப் புரட்டலுக்குக் காரணமான அதே புரதம். இது வெள்ளணுவைப் பிரியத் தூண்டும் என்று 1960இல் கண்டுபிடித்துச் சொன்னவர் பீட்டர் நோவெல். அதே ஆண்டில்தான் அவரும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் ஒருவகை ரத்தப் புற்றுநோயாளிகளிடம் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். பிலடெல்ஃபியா குரோமோசோம் என்று இன்றும் நாங்கள் தேடுவது அதைத்தான்.

பயறுப் புரதம் போட்டு, 37 டிகிரிச் சூட்டில் 72 மணி நேரம். மூன்றாம் நாள் காலையில் அணுக்கள் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும். அப்போதுதான் கோல்செமிட். பிரியும் அணுவுக்குள் இரு துருவத்திலிருந்தும் நுண்ணிய குழல்கள் நீண்டு, குரோமோசோம்களைப் பற்றி இரண்டு பக்கமும் இழுக்கும். அந்தக் குழல்கள் டியூபுலின் என்ற புரதச் செங்கல்களால் ஆனவை. கோல்சிசின் அந்தச் செங்கலின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்தால் செங்கல் நேராக நிமிராது, வளைந்தே நிற்கும். வளைந்த செங்கலை அடுக்க முடியாது, குழல் எழும்பாது. கயிறு இல்லை, இழுப்பு இல்லை. குரோமோசோம்கள் நன்றாகச் சுருண்டு தடித்து, எண்ணுவதற்குத் தோதாக, நடுவீதியிலேயே நின்றுவிடும்.

பயறு கிளப்பிவிடுகிறது, கிழங்கு நிறுத்திவைக்கிறது. இவ்வளவு இயந்திரங்கள் இருக்கும் கட்டடத்தில், ஒரு குழந்தைக்கு என்ன நோய் என்று சொல்வதற்கு இந்த இரண்டு செடிகளைத்தான் நம்பி உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு இது அலுப்பதே இல்லை.

எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு சிறுவனின் எலும்பு மஜ்ஜை. கோல்செமிட் போட்டுவிட்டு ஃபோன் பேசப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கண்ணாடித் தகட்டில் பார்த்தால் குரோமோசோமெல்லாம் குன்றிமணி மாதிரி குறுகிப்போய்க் கிடந்தன. அவற்றில் குறுக்காக ஓடவேண்டிய பட்டைகள் ஒன்றும் தெரியவில்லை. பட்டை தெரியாவிட்டால் எதில் ஒரு துண்டு உடைந்து எதில் ஒட்டியிருக்கிறது என்று சொல்லவே முடியாது. அந்தப் பிள்ளையின் இடுப்பெலும்பில் மறுபடி ஊசி போடச் சொல்லவேண்டுமா என்று நினைத்தபோது கை நடுங்கிவிட்டது. நல்லவேளை, இன்னொரு குடுவையில் கொஞ்சம் தனியாக வளர்த்து வைத்திருந்தோம். அது காப்பாற்றியது. அன்றிலிருந்துதான் டைமர் அடிக்கும்வரை நாற்காலியைவிட்டு எழுவதில்லை.

மனிதனுக்குக் குரோமோசோம் 46 என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1955 வரைக்கும் உலகம் 48 என்று நம்பிக்கொண்டிருந்தது. 1923இல் தியோஃபிலஸ் பெயிண்டர் அப்படி எண்ணிச் சொல்லியிருந்தார், முப்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நூல்களை எண்ணுவது அவ்வளவு கடினம். அந்தச் சிக்கலைப் பிரித்துவைத்தவை இரண்டு காரியங்கள்.

முதலாவது தண்ணீர். டெக்சஸின் கால்வெஸ்டனில் டி. சி. சூ என்ற ஆய்வாளர் ஒருநாள் தகடுகளைப் பார்க்கிறார். குரோமோசோமெல்லாம் தனித்தனியாக, அழகாகப் பரவிக் கிடக்கின்றன. ஏன் என்று புரியவில்லை. கடைசியில்தான் தெரிந்தது, கழுவும் உப்புக் கரைசலை யாரோ உப்புக் குறைவாகக் கலக்கிவிட்டார்கள். உப்புக் குறைந்தால் நீர் உள்ளே புகுந்து அணு ஊதும், உள்ளேயிருப்பது விலகிப் பரவும். 1952இல் இதை அவர் வெளியிட்டார். கலக்கிய உதவியாளர் யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவரவில்லை. அந்தக் கூடத்தில் யாருக்கும் ஞாபகமில்லையாம். இன்று உலகம் முழுக்க எங்களைப்போல் எத்தனையோ பேர் தினமும் செய்யும் ஒரு படிக்குப் பெயர் தெரியாத ஒரு தொழில்நுட்ப உதவியாளர் காரணம். பொட்டாசியம் குளோரைடு கரைசலை ஊற்றும்போதெல்லாம் நான் அந்த ஆளை நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது கோல்சிசின். இங்கே வருகிறவர் ஜோ ஹின் சியோ. சிங்கப்பூரில் உட்கார்ந்து இதை எழுதும் எனக்கு இவர்மேல் தனிப் பிரியம் உண்டு, காரணம் இவர் பிறந்தது பக்கத்து ஜாவாவில். சீன வம்சாவளி. அப்பா படம் பிடிக்கும் தொழில் செய்தவர், அந்தக் கைத்திறன் மகனுக்கும் வந்திருந்தது. படித்தது வேளாண்மை, உருளைக்கிழங்கு ஆராய்ச்சி. போர்க்காலத்தில் ஜப்பானியர் சிறையில் வதைபட்டார். பிறகு ஐரோப்பா போய், ஸ்பெயினின் சராகோசாவில் செடிகளின் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டு, விடுமுறைக்கு ஸ்வீடனின் லுண்ட் நகருக்கு ஆல்பர்ட் லெவானின் கூடத்துக்கு வருவார். லெவான் 1938இலேயே வெங்காய வேரில் கோல்சிசின் போட்டுப் பிரிவு நிற்பதைப் பார்த்து எழுதியவர். செடிக்காரர்களுக்கு இந்த மருந்து பழக்கம், மனித அணுக்காரர்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை. 1955 டிசம்பர் 22 அன்று, மனிதக் கருவின் நுரையீரல் அணுக்களில் கோல்சிசினும் நீர்த்த கரைசலும் கொடுத்துத் தயாரித்த தகட்டை சியோ பார்த்தார். எண்ணினார். 46. மறுபடி எண்ணினார். 46தான். 1956இல் கட்டுரை வந்தது, முதல் பெயர் அவருடையது. மூன்றே ஆண்டுகளில், 1959இல், டௌன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு 47 இருக்கிறது என்று பாரிசில் கண்டார்கள். எண்ணத் தெரிந்தபிறகுதானே கூடுதல் குறைச்சல் தெரியும்.

கோல்சிசின் எதைப் பிடித்துக்கொள்கிறது என்பது அப்போதும் தெரியாது. 1960களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எட்வின் டெய்லரும் கேரி போரிசியும் கதிரியக்க அடையாளம் போட்ட கோல்சிசினை வெவ்வேறு திசுக்களில் கலந்து, எங்கே ஒட்டுகிறது என்று துழாவினார்கள். பிரியும் அணுக்களில்தானே அதிகம் ஒட்டவேண்டும்? அதிகம் ஒட்டியது மூளையில். மூளை நரம்பணு பிரிவதே இல்லை. ஆனால் அந்த நீண்ட நரம்பு நூல்களுக்குள் பொருள் ஏற்றியிறக்கும் தண்டவாளமாக அதே நுண்குழல்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. 1967இல் வந்த அந்த ஆய்வில் அதற்கு 'கோல்சிசின் ஒட்டும் புரதம்' என்றுதான் பெயர். டியூபுலின் என்று பெயர் வைத்தது அடுத்த ஆண்டு ஜப்பானியரான ஹிதேயோ மோரி. உயிரணுவின் எலும்புக்கூட்டில் ஒரு முக்கியப் பாகத்தை இந்த நஞ்சைத் தூண்டிலாகப் போட்டுத்தான் பிடித்தார்கள்.

இனி எதிர்வீட்டு அங்கிள்.

சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு. எதிர்வீட்டில் இருப்பவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொள்கிற பழக்கம். ஒருநாள் காலை கதவைத் தட்டினார். வலது கால் பெருவிரல் மூட்டு தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. கௌட். யூரிக் அமிலம் ரத்தத்தில் கூடி, மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகமாகிவிடும். அதைப் பகைவன் என்று நினைத்து வெள்ளணுக்கள் படையெடுக்கும், அந்தச் சண்டைதான் வலி. பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மாத்திரை அட்டையைக் காட்டினார். கோல்சிசின், 0.5 மில்லிகிராம்.

"ஏம்மா, இது உங்க ஊரு கிழங்குலேர்ந்து எடுக்கிறதாமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு. அப்ப ஊருக்குப் போய்ட்டு வர்றப்ப ரெண்டு கிழங்கு கொண்டாந்து குடும்மா. கசாயம் வச்சுக் குடிச்சிட்டுப் போறேன். இந்த மாத்திரை கெமிக்கல்தானே."

"அங்கிள், கையெடுத்துக் கும்பிடுறேன். அந்தக் கிழங்க வாசப்படிக்கே கொண்டுவராதீங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கோப்பி கலந்து கொடுத்து, அரை மணி நேரம் பேசினேன். இங்கேயும் அதையே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வாட்ஸ்அப் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வெள்ளணு மூட்டுக்குப் படையெடுத்துப் போவதற்கும் அதே நுண்குழல்கள் வேண்டும். மிகக் குறைந்த அளவு கோல்சிசின் அந்தப் படையின் காலை இடறிவிடுகிறது, வீக்கம் இறங்குகிறது. யூரிக் அமிலத்தை அது குறைக்காது, அதற்கு வேறு மருந்து. அந்தக் குறைந்த அளவைத் தாண்டிவிட்டால், என் குழாயில் நடப்பது உடம்புக்குள் நடக்கும். வேகமாகப் பிரியும் அணுக்கள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் பிரிவு நிற்கும். முதலில் குடலின் உள்தோல், அதனால் வாந்தியும் பேதியும். பிறகு எலும்பு மஜ்ஜை, ரத்த அணு உற்பத்தி சரியும். பிழைத்து எழுந்தவர்களுக்கு முடி கொட்டும். எங்கள் வெள்ளாட்டுக்கு நடந்தது இதுதான். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவில் இதற்குள்ள இடைவெளி மிகமிகக் குறுகல். முறிவு மருந்து என்று கடையில் வாங்கக்கூடியது கிடையாது. மாத்திரையில் இருப்பது நிறுத்து அளந்த அரை மில்லிகிராம். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அடுப்படியில் யாராலும் அளக்க முடியாது. ஒரு கிழங்கில் இருப்பது அடுத்த கிழங்கில் இருக்காது. இயற்கையிலிருந்து வந்ததுதான், அந்த மாத்திரையும் அப்படித்தான். அளந்து கொடுப்பதற்காகத்தான் அதை மாத்திரை ஆக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னேன். தொண்டைப் புண், சளி என்று வேறு மருத்துவரிடம் போனால் இந்த அட்டையை மறக்காமல் காட்டவேண்டும். கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி, கோல்சிசின் உடம்பைவிட்டு வெளியேறும் வழியை அடைத்துவிடும். சாதாரண அளவே நஞ்சாகிப்போகும், உயிர் போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் ஆபத்து. அங்கிள் அந்த மருந்தின் பெயரைத் தமிழில் எழுதித்தரச் சொல்லி, அட்டையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டார்.

அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இந்த மாத்திரை இதயத்துக்கும் நல்லதாமே என்று கேட்டார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ரத்தக்குழாயில் கொழுப்பு படியும் இடமும் ஒரு அழற்சிக் களம்தான். மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் தினம் 0.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த கோல்காட் ஆய்வு 2019இல் வந்தது. மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மாத்திரை எடுத்தவர்களில் 5.5 விழுக்காட்டினருக்கும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 7.1 விழுக்காட்டினருக்கும் வந்தன. அடுத்த ஆண்டு 5,522 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்விலும் பலன் தெரிந்தது. 2023இல் அமெரிக்கா இதய நோய்க்கு இதை அனுமதித்தது. அத்தோடு நிறுத்தினால் கதை இனிப்பாக இருக்கும். 2024இல் 7,062 பேரிடம் நடந்த ஆய்வில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், பலன் காணோம். கோவிட் காலத்திலும் பிரிட்டனில் 11,000 பேருக்கு மேல் கொடுத்துப் பார்த்து, உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆக, உங்கள் இதய மருத்துவர் சொன்னால் சாப்பிடுங்கள் அங்கிள், நீங்களாகத் தொடங்காதீர்கள் என்றேன். நம் செடி என்கிற பாசம் எனக்கு நிறையவே உண்டு. அந்தப் பாசத்துக்காக எண்களை மறைக்க மாட்டேன்.

ஊர்ப்பக்கத்துக் கவலை வேறு. விதையில் கோல்சிசின் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் கீழே. அந்தச் சொட்டுக்காக ஒரு பருவம் முழுக்கப் பாடு. வாங்குவது ஏற்றுமதிக்காரர்கள், விலையும் அவர்கள் சொல்வதுதான். "போன வருசம் யாவாரி வாசல்ல வந்து நின்னான். இந்த வருசம் ஃபோன் போட்டாலும் எடுக்கறதில்ல" என்கிறார் அம்மா. இதற்கு நடுவே, 2020இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், இந்தச் செடி கோல்சிசினை எப்படிச் சமைக்கிறது என்ற வழியைக் கண்டுபிடித்து, புகையிலையின் உறவுச் செடி ஒன்றில் அந்த நொதிகளை ஏற்றி, கோல்சிசினுக்குச் சற்று முந்திய பொருள்வரை உண்டாக்கிவிட்டார்கள். அந்த நொதிகளுக்கான மரபணுக்களை அவர்கள் எடுத்ததும் எங்கள் செங்காந்தளிலிருந்துதான். படித்தபோது ஒரு பக்கம் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுபக்கம், கையால் தொட்டுத் தொட்டுக் காய் பிடிக்கவைக்கும் அந்தப் பெண்களை நினைத்து வயிறு கலங்கியது. இரண்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் வர்றதுக்குள்ள ஒரு வெளச்சல் எடுத்துருலாம்" என்றார்.

போன தை மாதம் வீடியோவில் பேசும்போது ஒரு படத்தைக் காட்டினேன். நோயாளிகளுடையதை வெளியே காட்டக்கூடாது. இது என்னுடைய ரத்தம், பயிற்சியின்போது நானே கொடுத்து நானே செய்தது. ஜோடி ஜோடியாக, பெரியதிலிருந்து சின்னதுவரை, கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு 46. கடைசியில் இரண்டு எக்ஸ்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டத்தில் வந்தார். "புழு மாதர இருக்குது. இதா உன்ர ஒடம்புக்குள்ள?"

"ஆமாங்கம்மா. நம்ம காட்டு மருந்து போட்டுத்தான் இப்படி நிறுத்தி வெச்சிருக்குது. ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு நீங்க குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது."

"எது என்னுது?"

"பாத்தாத் தெரியாதுங்கம்மா. ரெண்டும் ஒண்ணு மாதரதான் இருக்கும்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, வாசலில் விதை காயப்போட்டிருக்கிறது, பனி இறங்குவதற்குள் அள்ளவேண்டும் என்று சொல்லி ஃபோனைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். திரையில் ஓட்டுச் சரிவும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. முறத்தில் விதை விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.